பதினான்காம் எண் தகடு

மார்ச் 3
வெல்டிங் செய்த இரும்பை அறுக்காமல், உடைக்காமல் உள்ளே இருக்கும் விரிசலைக் கண்டுபிடிக்கும் பயிற்சி. ஏழாவது வாரம். ஜெல் தடவி, ஒலியலை அனுப்பும் புரோபை நகர்த்தி, திரையில் எழும்பும் எதிரொலியைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து பிடித்துக்கொண்டது. பாஸானால் ஆய்வாளர் வேலை, எனக்கென்று ஓர் அறை. அக்கா வீட்டு ஹாலில் பாய் சுருட்டும் பிழைப்பு முடியும். அத்தான் இன்றும், "இரும்பைத் தடவிக் குடுக்க ஒரு படிப்பா?" என்றார். அவர் வேலை பார்ப்பதே ஆலையில், வெல்டிங் செய்த பாய்லருக்குப் பக்கத்தில்தான்.

மார்ச் 9
முந்திரிக்கொட்டை — எதிலும் முந்தும் என் வகுப்புக்காரனுக்கு நான் வைத்த பெயர் — ஒரு சீட்டை நீட்டினான். எந்தப் பரீட்சைத் தகட்டில் எத்தனை குறை, எங்கே என்று போன வருடத்து ஆட்கள் எழுதி வைத்தது. "எல்லாரும் வச்சிருக்காங்க. நீ மட்டும் உத்தமியா?"
வாங்கிக்கொண்டேன். உத்தமி இல்லை.

மார்ச் 14
பரீட்சை. எனக்குப் பதினான்காம் எண் தகடு. சீட்டில் நான்கு குறை. எனக்கு ஐந்து வந்தது. மூன்று முறை துடைத்து மறுபடி பார்த்தேன். ஐந்துதான். கண்ணெதிரே துள்ளுவதை எப்படி இல்லை என்று எழுதுவது?
ஐந்து எழுதினேன்.

மார்ச் 20
பெயில்.
முந்திரிக்கொட்டை பாஸ். அவனுக்கும் அதே தகடு. சீட்டைப் பார்த்து நான்கு எழுதினான். "இல்லாத குறையை இருக்குன்னு சொல்றதும் தப்புதாம்மா," என்றார் பயிற்சியாளர். பேசாம நாலுன்னு எழுதித் தொலைச்சிருக்கலாம்ல? எனக்கென்ன வந்துச்சு?

மார்ச் 22
விடவில்லை. விரிசலுக்குள் ஊறி நிற்கும் சிவப்புச் சாயத்தைத் தகட்டில் பூசிப் பார்க்கச் சொல்லிப் பயிற்சியாளரிடம் சண்டை போட்டேன். பூசி, துடைத்து, வெள்ளைப் பொடி தெளித்தார். வெல்டிங் ஓரத்தில் தலைமுடி மாதிரி ஒரு சிவப்புக் கோடு. எப்போதோ யாரோ தகட்டைக் கீழே போட்டிருப்பார்களாம். பதிவேட்டில் நான்கை அடித்து ஐந்து என்று எழுதினார்.
"என் ரிசல்ட், சார்?"
"அது மேலிடத்துக்குப் போயிடுச்சேம்மா. அடுத்த தடவை எழுதுங்க."

ஏப்ரல் 2
ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

ஏப்ரல் 28
அத்தான் உற்சாகமாக வந்தார். "பாய்லர் செக்கிங் முடிஞ்சுது. ஒரு குறையும் இல்லையாம். வந்த ஆளு அரை மணியில முடிச்சுட்டான். உன்கூடப் படிச்சவனாமே?" பெயரைச் சொன்னார். முந்திரிக்கொட்டை.
"நாளைக்கு வேலைக்குப் போகாதீங்க, அத்தான்."
சிரித்தார். "பெயிலானவ பேச்சைக் கேட்டு லீவு போடவா?"
காலை ஆறு மணி ஷிப்ட். அக்கா அவருடைய சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருக்கிறாள்.