ரயில் பாதையில் ஆறாவது ஸ்தலம்

மார்ச் 17, திங்கள்

வாயால் சொன்னால் இந்தப் போன் எழுதிக்கொள்கிறது. என் மகள் ஜோசபின் போட்டுக் கொடுத்தது. எழுதியதை என்னால் படிக்க முடியாது. பரவாயில்லை, சொன்னதெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கும். வயது எண்பத்தொன்று, சிங்கப்பூரில், தஞ்சோங் பகார் துறைமுகத்தில் நான் முதன்முதலாக மூட்டை இறக்கிய கப்பலின் புகைபோக்கி என்ன நிறம் என்று கேட்டால் இப்போதும் சொல்வேன். சிவப்பு, மேலே கறுப்புப் பட்டை.

இன்று குவீன்ஸ்டவுனில் நல்ல மழை. நடக்கப் போகவில்லை.

மார்ச் 19, புதன்

கோயிலில் ஜூலியஸ் பிடித்துக்கொண்டான். வங்கியில் வேலை, எங்கள் தமிழ்க் குழுவுக்கு அவன்தான் எல்லாம். தவக்காலச் சிலுவைப் பாதையை இந்த வருஷம் சில சனிக்கிழமைகளில் வெளியே, பழைய ரயில் பாதையில் நடந்துகொண்டே செய்யப் போகிறார்களாம். தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டார்கள், இரண்டு பக்கமும் காடு, நடுவில் சமதரை. என் முழங்காலே தாங்கும். பதினாலு இடத்தில் நிற்பது, இடத்துக்கு ஒருவர் புத்தகம் பார்த்துப் படிப்பது.

"தாசன் அங்கிள், அஞ்சாவது உங்களுக்கு. உங்க குரலுக்கு மைக்கே வேணாம்."

சரி என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்?

அறுபது வருஷமாக அந்தக் கோயிலில் பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். பக்கத்து ஆள் பக்கம் புரட்டினால் நானும் புரட்டுவேன். அங்கே ஒருவருக்கும் தெரியாது. தெரியவும் கூடாது.

மார்ச் 20

"படிக்கத் தெரியாதுன்னு சொல்லிட்டா முடிஞ்சுதுப்பா" என்கிறாள் ஜோசபின். அவளுக்கென்ன, டிகிரி வாங்கியவள்.

மார்ச் 24, திங்கள்

ஜோசபின் அஞ்சாவதை இரண்டு தடவை வாசித்தாள். மூன்றாவது தடவை நான் சொன்னேன், அவள் புத்தகத்தைப் பார்த்தாள். ஒரு சொல் தப்பவில்லை. நாலே வரி! அம்மா சொல்லித்தந்த பழைய ஜெபம் என்றால் ஒரு ஸ்தலம் முடிவதற்குள் முழங்கால் மரத்துப்போகும். இப்போது ஸ்தலம் என்று சொல்வதில்லையாம், நிலையாம்.

அந்தப் பக்கத்தின் ஓரத்தை மடித்துக் கொடுத்திருக்கிறாள். அங்கே திறந்து பிடித்தால் போதும்.

ஏப்ரல் 4

நாளைக்கு. சட்டைக்கு இஸ்திரி போட்டாச்சு.

ஏப்ரல் 5, சனி

காலை ஏழு மணிக்குப் புறப்பட்டோம். பதினாலு பேரில் பதிமூன்று பேர். வெயில் இன்னும் மர உச்சியை விட்டு இறங்கவில்லை. காட்டுக்கோழி ஒன்று குஞ்சுகளோடு குறுக்கே போனது. உடும்பு ஒன்று எங்களை நின்று பார்த்துவிட்டு, அவசரமே இல்லாமல் கால்வாயில் இறங்கியது. இதே பாதையில் ரயிலில் ஜோகூர் போயிருக்கிறேன். அப்போது உடும்பெல்லாம் கண்ணில் படாது, கரிப்புகைதான்.

அஞ்சாவது. சீமோன் சிலுவைக்குத் தோள் கொடுக்கிற இடம். புத்தகத்தைத் திறந்து பிடித்து, ஏற்ற இறக்கத்தோடு சொன்னேன். சைக்கிளில் வந்த ஒரு சீனர்கூட இறங்கி நின்றார். அதுதான் வினையாகிப் போனது.

"சூப்பர், அங்கிள்! இருதயராஜ் மூட்டு வலின்னு வரல. அவரோட ஆறாவதையும் நீங்களே படிச்சிடுங்க லா."

அடுத்த மழைமரத்தடியில் எல்லாரும் நின்றார்கள். பன்னிரண்டு முகம். ஓடிடலாமா? எங்க ஓடுறது, இந்த முழங்கால வச்சிக்கிட்டு?

வாயைத் திறந்தேன். அம்மாவின் ஜெபம்தான் வந்தது. வெரோணிக்காள் முகம் துடைக்கிற இடம். ஸ்தலம், சேசுநாதர், திவ்விய திருமுகம் — எல்லாம் பழையபடி, ஒரு சொல் விடாமல். புத்தகத்தில் நாலு வரி. நான் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கிறேன். ஜூலியஸ் தன் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினான். குனிந்திருந்த தலைகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன.

மிரண்டா பக்கத்தில் வந்து நின்றாள். ரிட்டயரான நர்ஸ். ஊசியை இன்னும் நாக்கில் வைத்திருக்கிறாள்.

"அண்ணே, உங்க புத்தகம் இன்னும் அஞ்சாவதுலயே நிக்குது" என்று காதோடு சொன்னாள். பிறகு சத்தமாக, "அது பழைய ஜெபம். அண்ணனுக்கு அதான் இஷ்டம்" என்றாள்.

தப்பித்தேன். ஆனால் ஏழாவது, எட்டாவது எதுவும் காதில் விழவில்லை. எனக்காக ஒருத்தி பொய் சொல்லிவிட்டாள், அதுவும் சிலுவைப் பாதையில்!

பழைய ஸ்டேஷனில் உட்கார்ந்து மிரண்டா கொண்டுவந்த கறிபாப் சாப்பிட்டோம். பாதி தின்னும்போதே சொல்லிவிட்டேன்.

"எனக்குப் படிக்கத் தெரியாது. ஒரு எழுத்துகூட."

எல்லார் வாயும் மெல்லுவதை நிறுத்தியது.

"அப்ப இத்தன வருஷமா பாட்டுப் புத்தகத்த எதுக்குண்ணே பிடிச்சிருந்தீங்க?" என்றாள் மிரண்டா.

"சும்மா நின்னா கைய எங்க வைக்கிறதுன்னு தெரியல."

அவள்தான் முதலில் சிரித்தாள். வாயிலிருந்த கறிபாப் என் இஸ்திரி போட்ட சட்டை மேல்.

ஏப்ரல் 6, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. வயிறு சரியில்லை என்று ஜோசபினிடம் சொன்னேன். வயிறு நன்றாகத்தான் இருக்கிறது.

ஏப்ரல் 8

இனிமே அந்தப் பாதைக்கு எந்த மூஞ்சியோட போறது?

ஏப்ரல் 9, புதன்

குழுவுக்கு ஜூலியஸ் எப்போதும் நீளநீளமாக எழுதித்தான் அனுப்புவான். ஜோசபின் வேலை முடிந்து வந்து படித்துச் சொல்லும் வரை எனக்கு அது வெறும் வெளிச்சம்.

இன்று காலை போன் சத்தம் போட்டது. அழுத்தினேன். அவன் குரல்! சனிக்கிழமை அதே பாதை, ஏழு மணி, எல்லாரும் தண்ணீர் கொண்டு வரணும். "ஆறாவது தாசன் அங்கிள். பழையதுதான், அங்கிள்."

அடுத்து மிரண்டாவின் குரல்: "இந்தத் தடவ நல்ல சட்ட போடாதீங்கண்ணே."

கடைசியாக இருதயராஜ், தன் மூட்டு வலியைப் பற்றி முழுசாக மூன்று நிமிஷம்.

ஒருவர்கூட எழுதவில்லை. மூட்டு வலியை மட்டும் இன்னொரு தடவை கேட்டேன்.