குமிழ்களைத் திருப்பிய ஈரத்துணி

கண்ணு,

இன்று காலை உன் மகள் உன் மேசையிலிருக்கும் பவர் சப்ளை மெஷினைப் போட்டாள். காலேஜில் கொடுத்த ஏதோ சர்க்யூட் போர்டைச் சோதிக்க வேண்டுமாம். அதன் விசிறிச் சத்தம் கேட்டதும் அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடி வந்துவிட்டேன். நீ போய் மூன்று வருஷமாகியும் அந்தச் சத்தத்துக்கு என் கால் நிற்பதில்லை.

"மொதல்ல கரண்டைக் குறைச்சு வை சாமி. அப்பறம் வயரை மாட்டு" என்றேன்.

"அஞ்சாங்கிளாஸ் அப்பத்தாவுக்கு இதெல்லாம் யாருங்க சொல்லிக் குடுத்தது?" என்று சிரித்தாள்.

"உங்கம்மாதான்" என்றேன். ஏன் சொல்லிக் கொடுத்தாய் என்பதை மட்டும் சொல்லவில்லை.

என் மருமகள் தறி போர்டு ரிப்பேர் பார்க்கிறாள் என்று சொந்தத்தில் பெருமை பேசுவேனே தவிர, உன் மேசையை நான் தொட்டதில்லை. ஒரு ஆயுத பூஜையன்று மட்டும் தொட்டேன்; நீ குளிக்கப் போயிருந்தாய். பொட்டு வைப்பதற்கு முன்னால் மெஷினின் முகப்பை ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தேன். குமிழ்கள் துணியோடு சுற்றின. அதற்கென்ன என்று சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் பல்லடத்துத் தறிக்காரர் பக்கத்தில் நின்று அவசரப்படுத்தினார். பூஜைக்கு முன்னால் வைத்த அளவு அப்படியே இருக்குமென்று நம்பி நீ போர்டை மாட்டிப் பட்டனை அமுக்கினாய். ஐந்து வோல்ட் போர்டுக்கு இருபதுக்கு மேல் போய்விட்டது. புகை எழுந்தது.

"என் தப்புங்க. அளவைப் பாக்காம மாட்டிப்போட்டேன்" என்றாய்.

"பொம்பளை கையில குடுத்தேன் பாருங்க, என்னையச் சொல்லோணும்" என்று கருகிய போர்டை எடுத்துக்கொண்டு போனார். போன இடமெல்லாம் அதையே சொன்னார். அதற்கப்புறம் ரெண்டு மாசம் உன் மேசைக்கு ஒரு போர்டும் வரவில்லை. நான் நிலைப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டேன். மாமியார் என்கிற கௌரவம் வாயைத் திறக்க விடவில்லை.

அன்று சாயங்காலம் நீ ஸ்டூலை இழுத்துப் போட்டாய். "இங்க உக்காருங்க அத்தை. இந்தக் குமிழ் வோல்டேஜு, எத்தனை வேகமாத் தள்ளோணும்னு சொல்றது. இது கரண்டு, இதுக்கு மேல போகக்கூடாதுன்னு நாம வெக்கற எல்லை. பச்சை லைட்டு எரிஞ்சா நாம சொன்ன வோல்டேஜு போகுதுன்னு அர்த்தம். செவப்பு எரிஞ்சா போர்டு அதிகமா இழுக்குது, மெஷினு புடிச்சு நிறுத்தி வெச்சிருக்குது."

"செவப்புன்னா அதுக்குக் கோவமா?"

"கோவத்தை அடக்கிட்டு இருக்குதுங்க. உங்களையாட்டம்."

சிரித்துவிட்டோம். குமிழ் எப்படித் திரும்பியது என்று நீ கேட்கவே இல்லை. உனக்குத் தெரியாமலா என்னை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தாய்?

கடைசியில் நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒருநாள் சொல்லிவிடலாம் என்று உன் கையைப் பிடித்தேன். "சாப்புட்டீங்களாங்க அத்தை?" என்றாய். "ஆச்சு கண்ணு" என்றேன். பேச்சு அதோடு முடிந்தது.

போன மாசம் ஒரு கல்யாண மண்டபத்தில் அந்தத் தறிக்காரரைப் பார்த்தேன். நேராகப் போய், "ஏனுங்க, அன்னைக்கு உங்க போர்டு எரிஞ்சது என் மருமகளால இல்லீங்க. குமிழைத் திருப்பி வெச்சது நான்தானுங்க" என்றேன்.

அவர் விழித்தார். "எந்தப் போர்டுங்கம்மா?"

விவரமாகச் சொன்னேன். நெற்றியைத் தேய்த்துப் பார்த்தார். "நெனப்பே இல்லீங்களே. தறியெல்லாம் வித்துப்போட்டு நாளாச்சுங்க. வாங்க, பந்தி ஆரம்பிச்சுட்டாங்க."

பந்தியில் உட்கார்ந்தேன். பரிமாறியதைத் தொடாமலே இலையை மூடிவிட்டு எழுந்தேன். உன் பேரைக் கெடுத்தவருக்கே அது மறந்துவிட்டது. அன்று நீ பக்கத்தில் நிற்கும்போது, உன் காது கேட்க, "நான்தானுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். மண்டபத்தில் சொன்னது அந்த வார்த்தை இல்லை, கண்ணு. அது இன்னும் என்னிடமேதான் இருக்கிறது.