பெயிண்டர் ஓணானின் நாற்பத்தாறு எழுத்து

பேச்சியம்மன் துணை

அருள்புரம்
9.11.2008

பேச்சி அப்பாவுக்கு நாகஜோதி எழுதுவது.

இங்கே நானும் பிள்ளையும் சுகமாக இருக்கிறோம். தீபாவளிக்கு நீங்கள் போனில் பேசியபோது பின்னால் பாத்திரம் உருளுகிற சத்தத்தில் பாதி காதில் விழவில்லை. கேட்டதற்கெல்லாம் சரி சரி என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். அதனால்தான் கடிதம். கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாது பாருங்கள்.

முதலில் நல்ல சேதி. முத்துப்பேச்சி ஜப்பான் எழுத்து நாற்பத்தாறையும் எழுதிவிட்டாள். அதுவும் பார்க்காமல்! அவள் கைப்பட எழுதிய தாளை இதோடு வைத்திருக்கிறேன். உங்கள் ஹோட்டலில் எல்லோரிடமும் காட்டுங்கள். என் மகள் என்று சத்தமாகச் சொல்லிக் காட்டுங்கள்.

எப்படி நடந்தது என்று கேட்பீர்கள். ஏப்ரலில் நாங்கள் அங்கே வந்ததும் அவளை மூன்றாம் வகுப்பில் உட்கார வைத்துவிடுவார்கள், வயதை மட்டும்தான் பார்ப்பார்கள் என்று நீங்கள் சொன்ன நாளிலிருந்து எனக்கு அதே யோசனை. இங்கே ஜப்பான் எழுத்து சொல்லித்தர யார் இருக்கிறார்கள்? பிரவுசிங் சென்டரில் எழுத்து அட்டவணையை பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். நம் மகள் அதைச் சுருட்டி ஊதல் செய்து ஊதிக்கொண்டு திரிந்தாள். ஆனால் டிவி கேம் முன்னால் உட்கார்ந்தால் மட்டும் கண் கொட்டுவதில்லை. அதில் ஒரு ஓணான் வரும், நீங்கள் பார்த்ததில்லை. கையில் பெயிண்ட் வாளியோடு நடக்கும். அது நடந்த இடமெல்லாம் கலர் விழும். தப்பான பக்கம் நடந்தால் ஒரு காக்கா வந்து கொத்திவிடும். பேச்சி அதுகளுக்குப் பெயரே வைத்துவிட்டாள், பெயிண்டர் ஓணான், கரிக்காக்கா என்று.

அந்த ஓணானையே வாத்தியாராக்கினால் என்ன என்று தோன்றியது. நம் பிரிண்டிங் யூனிட்டில் இப்போது ஆர்டர் குறைவு, வாரத்தில் நான்கு நாள்தான் வேலை. முதலாளி ரத்தினசாமியிடம் கேட்டேன். கம்ப்யூட்டரு சும்மாதான கெடக்குது, புள்ளைக்கு ஆகுதுன்னா செஞ்சுக்க அம்மிணி என்றார். பிள்ளைகள் பனியனுக்கு ஒன்பது வருஷமாகக் கரடியும் முயலும் வரைகிறவளுக்கு ஒரு ஓணான் பெரிய விஷயமா? ஒவ்வொரு எழுத்தையும் ஓணான் நடந்து நடந்து பெயிண்ட் அடிக்கிற மாதிரி வரைந்தேன். முதல் கோடு மஞ்சள், அடுத்தது சிவப்பு, கடைசிக் கோடு கறுப்பு. பிரிண்டிங்கில் எந்தக் கலருக்குப் பின் எந்தக் கலர் என்று வரிசை இருக்கிறதல்லவா, அதே மாதிரி. கரண்ட் போகும், வரும், விட்ட இடத்தில் மறுபடி உட்காருவேன். முதலாளி மகன் சிவபிரகாஷ் எல்லாவற்றையும் கோத்து வீடியோவாக்கி சிடியில் போட்டுத் தந்தான். குரல் என்னுடையது. அட்டவணையில் இங்கிலீஷில் இருந்ததைப் பார்த்துச் சொல்லியிருக்கிறேன், சிரிக்காதீர்கள்.

லைன் வீட்டுப் பிள்ளைகள் ஆறு பேர் சாயங்காலமானால் சிடி பார்க்க நம் வீட்டில்தான். பக்கத்து வீட்டு மருதாளக்கா நேற்று வாசலில் நின்று சண்டை. ஏம்மிணி, உம்புள்ளைக்குச் சொல்லிக் குடுக்கறேன்னு எங்கூட்டுச் செவுரெல்லாம் கிறுக்கி வெச்சிருக்குதுங்களே, இதாரு வெள்ளையடிக்கறது என்று. நான்தான் அடிப்பேன் அக்கா என்று சொல்லிவிட்டேன்.

ஒரே ஒரு சந்தேகம். உங்கள் கவரில் அனுப்புபவர் இடத்தில் எப்போதும் ஹோட்டல் கார்டை ஒட்டி அனுப்புகிறீர்கள் அல்லவா, அதில் தன் எழுத்து இருக்கிறதா என்று பேச்சி தேடினாள். ஒன்றும் ஒத்துப்போகவில்லை என்றாள். அவர்களுக்கு மூன்று ரக எழுத்தாம், இது வேறு ரகமாக இருக்கும், போய் எழுது என்றேன். சரிதானே?

விசா பேப்பருக்கு மனு கொடுத்துவிடுங்கள். தள்ளிப்போடாதீர்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள். ஊருக்கெல்லாம் பரோட்டா போட்டுவிட்டு நீங்கள் பட்டினி கிடப்பீர்கள் என்று எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
பெட்டி கட்டத் தயாராக இருக்கும்
நாகஜோதி


பேச்சியம்மன் துணை

அருள்புரம்
21.12.2008

பேச்சி அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. ஒன்றரைப் பக்கம்! கல்யாணமாகிப் பதினொரு வருஷத்தில் நீங்கள் எனக்கு இவ்வளவு எழுதியதே இல்லை. எழுதாதவர் எழுதியது இப்படியா இருக்க வேண்டும்?

பிள்ளையின் தாளைக் கல்லாவில் இருக்கும் ஜப்பான் அம்மாவிடம் காட்டினீர்கள். அவர் அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்துத் திருப்பிக் கொடுத்தார். கூட வேலை பார்க்கிறவன் கேட்டுச் சொன்னான், ஒரு எழுத்துகூட எழுத்தாக இல்லை என்று. சொல்லிவிட்டு அவனும் சிரித்தான். அதற்கு நீங்கள் எழுதியிருப்பதை அப்படியே திருப்பி எழுதுகிறேன், உங்கள் கண்ணாலேயே இன்னொரு தரம் படியுங்கள். "பேச்சிக்கு என் மண்டைதான் வாய்த்திருக்கிறது. இங்கே வந்து அவளும் முழிக்க வேண்டாம். நீங்கள் வர வேண்டாம். நான் மனுக் கொடுக்கப் போவதில்லை. இன்னும் மூன்று வருஷம் இருந்துவிட்டு நானே வந்துவிடுகிறேன்."

மூன்று வருஷம்! ஏற்கெனவே இரண்டு வருஷம் ஆகிவிட்டது. பிள்ளைக்கு உங்கள் முகமே போட்டோவில் பார்த்த முகமாகிவிட்டது. மூன்று வருஷத்தை ஏதோ மூன்று பரோட்டா மாதிரி எழுதிவிட்டீர்கள்.

நான் செய்ததையும் மறைக்கப் போவதில்லை. படித்த ஆத்திரத்தில் பேச்சியின் முதுகில் ஒன்று வைத்தேன். ஒழுங்காக எழுதத் தெரியாதா உனக்கு என்று கத்தினேன். அவள் அழவில்லை. டிவியில எப்படி வந்துச்சோ அப்படித்தானம்மா எழுதுனேன் என்றாள். இரண்டு நாள் என்னோடு பேசவும் இல்லை, சிடி போடவும் இல்லை. என் கை விளங்காமல் போக என்று நானே திட்டிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் யூனிட்டில் பெரிய கூச்சல். எங்களுடைய ஸ்டிக்கர் பிரிண்ட் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். படத்தை முதலில் பேப்பரில் அடித்து, பேப்பரைத் துணிமேல் கவிழ்த்து, சூடு வைத்து எடுப்போம். கவிழ்ப்பதால் இடது வலதாகிவிடும். அதனால் கம்ப்யூட்டரிலேயே படத்தைக் கண்ணாடியில் தெரிகிற மாதிரி திருப்பித்தான் கொடுக்க வேண்டும். புதிதாக வந்த டிசைனர் பிள்ளை திருப்பாமல் கொடுத்துவிட்டாள். அத்தனை பனியனிலும் இங்கிலீஷ் எழுத்து இடவலம் மாறி வந்திருக்கிறது. முதலாளி என்னைக் கூப்பிட்டு, ஏனம்மிணி, படத்தைத் திருப்போணும்னு இந்தப் புள்ளைக்கு நீ சொல்லிக் குடுக்கலியா என்றார். அதற்கு நான், அதெல்லாம் சொல்ல வேறு வேண்டுமா முதலாளி, வரைந்து முடித்ததும் கை தன்னால் திருப்பிவிடும், எனக்கெல்லாம் தூக்கத்தில்கூட...

பாதிப் பேச்சில் எனக்கு உறைத்தது.

ஓடிப்போய் என் ஓணான் படங்களைத் திறந்து பார்த்தேன். நாற்பத்தாறும் திருப்பியே கிடக்கின்றன! ஒன்பது வருஷப் பழக்கம். வரைந்தேன், திருப்பினேன், சேவ் பண்ணினேன். துணியில் கவிழ்க்கிற படமில்லை, டிவியில் வருகிற படம் என்கிற நினைப்பே இல்லை. அப்படியே சிடியில் போய், அப்படியே பிள்ளையின் கண்ணில் போய், அப்படியே உங்கள் கைக்கு வந்திருக்கிறது. அந்தத் தாள் உங்களிடம் இருந்தால் கண்ணாடி முன்னால் பிடித்துப் பாருங்கள். கல்லாவில் இருக்கும் அம்மாவையும் கூப்பிட்டுக் காட்டுங்கள். கூடச் சிரித்தவனைக் கட்டாயம் கூப்பிடுங்கள்.

இன்னொன்று கேளுங்கள், இதுதான் எனக்கு ஆறவே இல்லை. முதல் நாள் சிடி போட்டபோதே பேச்சி சொன்னாள். அம்மா, கேம்ல ஓணான் வாளிய சோத்துக் கையிலதான வச்சிருக்கும், உங்க ஓணான் பீச்சாங்கையில வச்சிருக்கே என்று. தொணதொணவென்று பேசாதே, எழுத்தைப் பார் என்று அடக்கினேன். ஹோட்டல் கார்டில் ஒன்றும் ஒத்துப்போகவில்லை என்றும் அவள்தான் சொன்னாள். அதற்கும் நான் ஒரு சமாதானம் வைத்திருந்தேன். இரண்டு தரம் சரியாகக் கண்டுபிடித்துச் சொன்ன பிள்ளையையா மண்டை சரியில்லை என்கிறீர்கள்? மண்டை சரியில்லாதது அவள் அம்மாவுக்கு. அதை நானே ஒத்துக்கொள்கிறேன். நீங்கள் கஷ்டப்பட வேண்டாம்.

அன்று வீட்டுக்குப் போய் அவளைக் கூப்பிட்டு, தப்பு என்னுடையது என்று சொன்னேன். முகத்தை ஒரு முழ நீளம் வைத்துக்கொண்டு கேட்டாள். பிறகு, அப்ப மருதாளம்மா வீட்டுச் செவுத்துல இருக்கிறதெல்லாம் தப்பா என்று ஒரே சிரிப்பு. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

திருப்பியதை மறுபடி திருப்ப ஒரு நாள்கூட ஆகவில்லை. பிள்ளையின் கைக்குப் பழகியதை மாற்றுவதுதான் பயமாக இருந்தது. அதற்கும் அவளே வழி சொன்னாள். பழைய தப்பெழுத்து முதலில் வரணும், கரிக்காக்கா வந்து அதைக் கொத்திக்கொண்டு போகணும், அதற்குப் பிறகு பெயிண்டர் ஓணான் சரியான எழுத்தை அடிக்கணும் என்றாள். அப்படியே செய்தோம். காக்காவுக்குக் குரல் அவள்தான். பதினொரு நாள். நாற்பத்தாறும் திரும்பிவிட்டன. சிவபிரகாஷ் ஜப்பான் பிள்ளைகள் பாட்டு ஒன்றை இன்டர்நெட்டில் தேடி பிரிண்ட் எடுத்து வந்து, வாசி கண்ணு பாக்கலாம் என்று நீட்டினான். அர்த்தம் தெரியாமலே கடகடவென்று ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிவிட்டாள். உங்கள் ஹோட்டல் கார்டிலும் அவள் எழுத்து இரண்டு இருக்கிறது! விரலை வைத்துக் காட்டினாள். அந்த விரலை எடுக்கவே இல்லை. புதுத் தாளும் இதோடு இருக்கிறது. பயப்படாமல் கல்லாவுக்கு எடுத்துப்போங்கள்.

இனி உங்களிடம் ஒன்று பேச வேண்டும். கோபப்படாமல் படியுங்கள்.

துணி துவைக்கும் சோப்புத் தண்ணியை ஷாம்பூ என்று நினைத்து இரண்டு வாரம் தலைக்குத் தேய்த்ததாகப் போனில் ஒரு தரம் சொன்னீர்கள். நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். பஸ்ஸில் ஊர்ப் பெயரைப் பார்க்காமல் ஸ்டாப்பை எண்ணி எண்ணி இறங்குவதாகச் சொன்னீர்கள். அதற்கும் சிரித்தேன். இப்போது உங்கள் கடிதத்தில் "அவளும் முழிக்க வேண்டாம்" என்று படித்த பிறகு அப்படிச் சிரித்தது எனக்கே வெட்கமாக இருக்கிறது. அந்த "அவளும்" இல்லாவிட்டால் எனக்கு இந்த ஜென்மத்தில் புரிந்திருக்காது.

ஆறாம் வகுப்பில் உங்களை எல்லோர் முன்னாலும் நிறுத்தி, இவனுக்கு எழுத்து ஏறாது என்று வாத்தியார் சொன்னதையும், மறுநாளே நீங்கள் சங்கரன்கோவிலில் ஹோட்டலுக்கு மாவு பிசையப் போனதையும் கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தரம் சொல்லியிருக்கிறீர்கள். அப்புறம் நான் கேட்டதும் இல்லை, நீங்கள் சொன்னதும் இல்லை. அவர் அப்படிச் சொன்னது தப்பு. ஒரு உருண்டை மாவைக் காற்றில் வீசி வேட்டி மாதிரி விரிக்கிற கைக்கு நாலு கோடு இழுக்கவா வராது? உங்களுக்கு யாரும் பொறுமையாகக் காட்டவில்லை, அவ்வளவுதான். பிள்ளைக்கு நான் தப்பாகக் காட்டினேன், அவள் தப்பாக எழுதினாள். சரியாகக் காட்டினேன், சரியாக எழுதினாள். இதில் மண்டைக்கு என்ன வேலை?

கவரில் இரண்டு சிடி இருக்கும். ஒன்று பேச்சி பார்க்கிற அதே சிடி. இன்னொன்று உங்களுக்காக நானும் அவளும் செய்தது. இதில் ஓணான் பெயிண்ட் வாளியை வைத்துவிட்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு பரோட்டாக் கல் முன்னால் நிற்கும். எழுத்தெல்லாம் மாவில் வரும். துண்டு கட்டியது பேச்சியின் யோசனை, நான் இல்லை. ரூமில் கூட இருக்கிறவர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று கூச்சப்படாதீர்கள். ஊருக்குப் போகும்போது மகளுக்குப் போட்டுக் காட்ட வைத்திருக்கிறேன் என்று சொல்லுங்கள். தினம் இரண்டு எழுத்து போதும்.

முதலில் வருவது உங்கள் பெயர்தான். மூன்றே எழுத்து. உங்கள் பெயரை இதுவரை நான் வாயால் சொன்னதும் இல்லை, தமிழில் எழுதியதும் இல்லை. ஜப்பான் எழுத்தில் எழுதக் கூடாது என்று எந்தச் சாமியும் சொல்லவில்லையே! முத்துப்பேச்சி சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன். எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நன்றாகத்தான் இருக்கிறது.

ஜனவரி கடைசிக்குள் மனுக் கொடுத்தால்தான் ஏப்ரல் பள்ளிக்கூடத்துக்கு நாங்கள் வந்து சேர முடியும். கொடுத்துவிடுங்கள். விசா ஆபீசில் ஃபாரம் எழுதத் தெரியவில்லை என்றால் கல்லாவில் இருக்கும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கள். தெரியாது என்று சொல்வதில் ஒரு அவமானமும் இல்லை. முதலாளி முன்னால் நான் சொன்னேன், பிள்ளை முன்னால் சொன்னேன், எனக்கு ஒன்றும் குறைந்துபோகவில்லை.

எனக்கு ஒரே ஒரு ஆசை. விசா பேப்பர் வரும் கவரில் ஹோட்டல் கார்டை ஒட்டாதீர்கள். அனுப்புபவர் இடத்தில் உங்கள் கையாலேயே அந்த மூன்று எழுத்தை எழுதுங்கள். கோணினாலும் சரி, நடுங்கினாலும் சரி, என்னை மாதிரி திருப்பிப் போட்டாலும் சரி. போஸ்ட்மேன் கையில் இருக்கும்போதே பேச்சி வாசித்துவிடுவாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பேச்சியம்மன் உங்களுக்குத் துணையாக இருப்பாள்.

இப்படிக்கு,
ஏப்ரலில் உங்களோடு ஒரே பாயில் உட்கார்ந்து எழுத்துப் படிக்கப்போகும்
நாகஜோதி