என் முத்திரை விழுந்த சீட்டு

என் கண்ணு யீசியாங்குக்கு அம்மா எழுதுறது. நானும் உங்கப்பாவும் சொகம், அந்தக் குளிர் ஊர்ல நீ காதை மூடிக்கிட்டு போறியா. பூண்டு முழங்கால் உசரம் வந்துடுச்சு, உங்கப்பா முட்டிவலி அப்படியேதான், ஆஸ்பத்திரிக்கு ரெண்டு பஸ் மாறணும், நம்ம ஊர்ல ஆஸ்பத்திரி வேன் வந்து நின்னா நல்லாருக்கும்னு பக்கத்து வீட்டு சூசின் ஊர்த்தலைவர் தேர்தல்ல நின்னா. எதுத்து நின்னது உன் சித்தப்பா வென்ஃபூ, கோயில் வளைவுக்குப் புதுப் பெயிண்ட் அடிப்பேன்னாரு. குடும்பம்னா குடும்பம்தான்னு உங்கப்பா சொன்னாரு, நானும் தலையாட்டினேன். ஆனா போட்டது சூசினுக்கு. அங்கதான் கொழப்பம். பேர் சரிபார்க்குற மேசையில என் பேர் முத்திரையக் கேட்டாங்க, குத்துனேன், மை ஈரத்தோட கையில வச்சுக்கிட்டே மறைப்புக்குள்ள போனேன். பேங்க்லயும் நிலப் பத்திரத்துலயும் கையெழுத்துக்குப் பதிலா அதைத்தானே குத்துறோம், அங்க கட்டியிருந்த ஓட்டு அச்சை விட்டுட்டு சீட்டுல சூசின் படத்துக்கு மேல என் முத்திரையையே குத்திட்டேன். சாயங்காலம் எண்ணும்போது சீட்டை ஒண்ணொண்ணா தூக்கிக் காட்டுவாங்கல்ல, என்னோடது வந்துச்சு. எண்ணுற பையன் செல்லாதுன்னான், லியாவ் மேய்சின்னு சிவப்பா என் பேரு, கூடம் முழுக்க பார்த்துச்சு. உங்கப்பா டீயக் கீழ வச்சுட்டு எழுந்து போயிட்டாரு. கடைசில பாரு, ரெண்டு பேருக்கும் எரநூத்திப் பன்னெண்டு. ரெண்டு நாள் கழிச்சு சீட்டுக் குலுக்கினாங்க, சித்தப்பா பேரு வந்துச்சு. இப்ப எனக்குப் புரியல, என் சீட்டு செல்லுபடியாகியிருந்தா சூசின் ஒரு ஓட்டுல ஜெயிச்சிருப்பா, நான் போகாமலே இருந்திருந்தாலும் இதே கதைதான், அப்ப நான் என்னதான் செஞ்சேன். சூசின்கிட்ட மன்னிப்பு கேட்கப் போனா அவ அவிச்ச வள்ளிக்கிழங்கு குடுத்து, அக்கா, என் படத்துமேல பேர் போட்டுக் காதலிச்சது நீங்க ஒருத்திதான்னு சிரிக்குறா. உங்கப்பா எட்டு நாளா என்கிட்ட பேசாம இருந்தாரு, அப்படியும் சோத்துக்கு மட்டும் கூப்பிட்டா வந்தாரு. நேத்து சித்தப்பா வந்தாரு, ஒளிஞ்சுக்கலாமான்னு பார்த்தேன். கையில மனு, வேன் நம்ம ஊர்லயும் நிக்கணும்னு, சூசினே எழுதிக்குடுத்ததாம். அண்ணி, இதுல உங்க முத்திரை செல்லும், நல்லா அழுத்திக் குத்துங்கன்னாரு. குத்தலா சொன்னாரா கனிவா சொன்னாரா தெரியல, அழுத்திக் குத்திட்டேன். உள்ளருந்து உங்கப்பா, எனக்கும் முத்திரை இருக்குன்னாரு. எட்டு நாள்ல அதான் மொதல் பேச்சு. நீ புத்தாண்டுக்கு தைவான் வந்தா மொதல்ல சித்தப்பா வீட்டுக்குப் போ, அப்புறம் சூசின் வீடு, நான் யாருக்குப் போட்டேன்ங்கிற பேச்சை அங்க எடுக்காத. நோய்நொடி இல்லாம நல்லா இரு கண்ணு, கம்பளிக் காலுறை மறக்காத.

உன் அம்மா மேய்சின். பக்கத்துல முத்திரை குத்தியிருக்கேன், இங்க செல்லும்தானே.