மொட்டைக் கடிதத்தில் ஒரு எழுத்துப் பிழை

என்னங்க,

தங்கை வீட்டுக்குப் போகிறேன். சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். சூடு பண்ணுகிறேன் என்று பாத்திரத்தைத் தீய்க்காதீர்கள்.

நாலு மணிக்குத் தையல்கடை அக்கா வருவார். "ஊரே உன் துப்பறியும் கூத்தைப் பார்த்துச் சிரிக்கிறது, மரக்காதே" என்று உங்களுக்கு மொட்டைக் கடிதம் வந்ததே? உடனே சினிமா துப்பறிவாளர் மாதிரி, "எழுதினது அவதான்! அவ ரசீதுலயும் 'மரக்காமல்'னுதான் இருக்கு!" என்று தெருவையே கூட்டினீர்கள். இப்போது அவர் கடைக்கு ஆளே வருவதில்லை.

எழுதியவள் நான். இருபது வருடமாக இந்த மேசையில் நான் வைக்கும் எல்லாச் சீட்டிலும் அதே பிழைதான். ஒன்றையாவது படித்திருந்தால் பிடித்திருப்பீர்கள்.

பி.கு.: இதையும் படிக்க மாட்டீர்கள். நகல் அக்காவிடம் இருக்கிறது. தெருவில் நின்று சத்தமாகப் படிப்பார்.