காசினிக் கஷாயம்

நேற்று, ஜூன் 10, முகப்பேரில் எடுத்த ஸ்கேனில் உங்கள் அம்மாவின் பித்தக் குழாயில் கல் அடைத்திருப்பது தெரிந்தது. நீங்கள் நைட் ஷிஃப்ட் முடிந்து வரும்போது நாங்கள் ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் இருப்போம்.

காபித்தூளில் கலக்கும் சிக்கரிதான் காசினி. ஈரலுக்கு நல்லது என்று நானும் படித்திருக்கிறேன். கீரையாகக் கடைந்து போட்டிருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். வயிறு வலிக்கிறது என்று அழுதவரை டாக்டரிடம் காட்டாமல், கல் அடைத்திருக்கும்போது பித்தத்தை மேலும் சுரக்க வைக்கும் அதன் வேரைக் காய்ச்சி மாதக்கணக்கில் கொடுத்தீர்கள்.

"வாணாம்னா புள்ள மூஞ்சி சுருங்கிடும், அதான் குட்ச்சிகினு இருந்தேன்" என்கிறார் அத்தை.

இட்லி ஹாட்பாக்ஸில் இருக்கிறது. சாவியைப் பக்கத்து வீட்டுப் புஷ்பாவிடம் கொடுத்துவிட்டு வாருங்கள். ஆஸ்பத்திரியில் வைத்தியம் பேச வேண்டாம்.

சுதா

பி.கு.: நீங்கள் ஆபரேஷனைத் தடுப்பீர்கள் என்று அத்தைக்குப் பயம். சம்மதப் படிவத்தில் அவரே நேற்றே கையெழுத்துப் போட்டுவிட்டார்.