நாலே காலுக்கு இருட்டும் ஊருக்கு

திருப்பருத்திக்குன்றம்
டிசம்பர் 11, வியாழன்

அன்பு மகள் ஜனனிக்கு, அம்மா குணமாலா சொல்லச் சொல்லத் தங்கை ஸ்ரேயா எழுதுவது.

இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் நன்றாக இருக்கிறோம். அங்கே நீயும் அப்படியே இருப்பாய் என்று அடுத்த வரியை எழுதச் சொல்லிவிட்டு அம்மா எதிரில் உட்கார்ந்திருக்கிறாள், எனக்குத்தான் பேனா ஓடவில்லை, ஏனென்றால் நீ அனுப்பிய படத்தில் நான் முதலில் பார்த்தது உங்கள் சினிமா காலேஜ் வாட்ச்வுமன் மொய்ரா அம்மாவையும் இல்லை, அந்த நீளமான வராந்தாவையும் இல்லை, சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தைத்தான். அதில் நாலே கால். பக்கத்து ஜன்னல் முழுக்க இருட்டு.

முதலில் படத்தைப் பார்த்த கதையைச் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ லிங்க் அனுப்பியதும் அப்பா அரிசி மண்டியைச் சீக்கிரம் சாத்திவிட்டு வந்துவிட்டார். டிவியில் போட எங்களுக்குத் தெரியவில்லை, நான் வேலை செய்கிற ஜாக்கெட் கடை புவனேஸ்வரி அக்காவைக் கூப்பிட்டோம், அவர்கள்தான் தங்கள் ஃபோனில் இருந்து டிவிக்கு மாற்றிக் கொடுத்தார்கள். முதல் டெர்முக்கு நீ எடுத்த படம் நாலு நிமிஷம்தான் என்று சொல்லியிருந்தும் அம்மா தலை வாரிப் பூ வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். வயதான அந்த மொய்ரா அம்மா ஒவ்வொரு அறையாகப் போய் விளக்குப் போடுவதைப் பார்த்துவிட்டு புவனேஸ்வரி அக்கா, இன்னாடி இது, ஒரு பாட்டு இல்ல, ஒரு சண்டை இல்ல, ஆயாம்மா லைட்டு போட்டுக்கினே போவுது, இதுக்கா ஏரோப்ளேன் ஏறிப் போனா உங்க அக்கா என்றார்கள். அதுக்குத்தாம்மா அங்க மார்க்கு என்று அப்பா தெரிந்தவர் மாதிரி சொன்னார், ஆனால் அவருக்கும் புரியவில்லை, முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அம்மாவோ, என் பொண்ணு எங்க, அவ மூஞ்சியே வரலியே என்று மட்டும் இரண்டு தடவை கேட்டாள். கேமரா பிடிப்பவள் படத்தில் வரமாட்டாள் என்று நான் மெதுவாகச் சொன்னேன்.

கடைசி விளக்கையும் போட்டுவிட்டு மொய்ரா அம்மா போனதும் திரை கறுப்பாகிவிட்டது. அப்போது ஒரு சத்தம் வந்தது. கரண்டி சட்டியின் அடியைச் சுரண்டும் சத்தம், தட்டுகளைக் கழுவி ஒவ்வொன்றாகக் கவிழ்க்கும் சத்தம், பின்கதவுத் தாழ்ப்பாள். அம்மா திடுக்கிட்டு நம் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள், யாரோ உள்ளே பாத்திரம் கழுவுகிறார்கள் என்றே நினைத்துவிட்டாள். நம் வீட்டுச் சாயங்காலத்தை அனுப்பு என்று செப்டம்பரில் நீ கேட்டாயே, அன்றைக்கு ஐந்தரை மணிக்கு எல்லோரும் சாப்பிட்டு முடித்ததும் நான் ஃபோனை அஞ்சறைப்பெட்டி மேல் வைத்துப் பதிவு செய்த சத்தம் அது. அப்புறம் எழுத்து ஓடியது, ஒலி என்ற இடத்தில் உன் பெயருக்குக் கீழே ஸ்ரேயா, காஞ்சிபுரம் என்று வந்தது. ஐய, வாயே தொறக்க மாட்டா, இவளுக்குப் போயி சவுண்டுல பேரு போட்டுக்கிறா பாரேன் என்று புவனேஸ்வரி அக்கா என் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தார்கள். நான் எழுந்து பின்பக்கம் போய்விட்டேன். பெயர் வந்த வெட்கத்தில் போகிறேன் என்று எல்லோரும் சிரித்தார்கள். பாதி அதுதான் அக்கா. மீதி அந்தக் கடிகாரம்.

இருட்டினால் நாம் ஜைனர்கள் சாப்பிட மாட்டோம். நீ ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் கோயிலில் மகாவீரர் முன்னால் உன்னைக் கைகூப்ப வைத்து, முதல் டெர்ம் முடியற வரைக்குமாவது பொழுது சாய்ஞ்ச பெறகு சாப்புடாம இரு, அப்பால உன் இஷ்டம் என்று அம்மா நியமம் கொடுத்தது என் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது. அப்போது அம்மா மனதில் இருந்தது நம் ஊர் ஆறு மணி. நீயும் சரி என்றாய், செப்டம்பரில் அங்கே ஏழு மணிக்கும் வெயில் இருந்தது. அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிறும் நம் மூன்றரை மணிக்கு நீ கூப்பிடும்போது உனக்கு அது காலை பத்து பதினோரு மணி, உன் பின்னால் ஜன்னல் எப்போதும் வெளிச்சமாகவே இருக்கும், அதனால் எங்களுக்குத் தோன்றவே இல்லை. பொழுதோட சாப்ட்டியாமா என்று அம்மா கேட்பாள், பொழுதோடதாம்மா என்பாய். நீ பொய் சொல்லவில்லை. எத்தனை மணிக்கு என்று நாங்கள்தான் கேட்கவில்லை. பின்பக்கம் நின்றபடியே ஃபோனில் உன் ஊர்ப் பெயரைப் போட்டுப் பார்த்தேன், இப்போது அங்கே மூன்றே முக்காலுக்கெல்லாம் சூரியன் மறைகிறது, மறுநாள் உதிக்க எட்டரை மணிக்கு மேல் ஆகிறது. உனக்கோ ஐந்து மணி வரை வகுப்பு, விட்டு வரும்போது சாப்பிட முடியாத இருட்டு. படத்தின் தொடக்கத்தில் மொய்ரா அம்மா கேமராவைப் பார்த்து ஒரு வாழைப்பழத்தை நீட்டி ஜன்னலைக் காட்டுகிறார்களே, அப்போது அதே கடிகாரத்தில் மூன்று இருபது. சீக்கிரம் சாப்பிடு, இருட்டப் போகிறது என்று அந்த அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது, பெற்ற அம்மாவுக்குத் தெரியவில்லை. இருட்டின ஜன்னலுக்குப் பிறகு நம் வீட்டுத் தட்டுச் சத்தத்தை நீ ஏன் வைத்தாய் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

எல்லோர் முன்னாலும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, உனக்குத்தான் தெரியுமே. திங்கட்கிழமை காலையில் அம்மா மாவு சலித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் உட்கார்ந்து சொன்னேன். அந்தக் கெடியாரம் நின்னு போனதா இருக்கும் போடி என்றாள். ஃபோனைக் காட்டினேன். சல்லடையைக் கீழே வைத்துவிட்டு அம்மா ஃபோனை வாங்கிக் கண்ணருகே பிடித்துக்கொண்டாள். அப்பாதான் அவளைச் சிரிக்க வைக்கப் பார்த்தார், நம்மூரு சூரியன வெச்சிக்கினு சாப்புடட்டுமே, அவளுக்கு ராத்திரி ஒரு மணின்னா இங்க நல்லா விடிஞ்சிடுது என்றார். வெளையாடற நேரமா இது, மூணு மாசமா எம் பொண்ண நானே பட்டினி போட்டுக்கினு இருக்கறேன் என்று அம்மா உடைந்துவிட்டாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு நேராகக் கோயிலுக்குப் போனாள், நானும் பின்னாலேயே போனேன். அவ மேல தப்பு இல்ல பகவானே, இந்த ஊரு சூரியன பார்த்து நாந்தான் கொடுத்துட்டேன், அவகிட்டேர்ந்து எடுத்துக்கறேன் என்று சத்தமாகவே சொன்னாள், மடப்பள்ளிப் பக்கம் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அன்றைக்கு மத்தியானம் உனக்கு ஃபோன் செய்து, இருட்டானா இன்னா, சாப்புடு கண்ணு என்று அழுதது இதனால்தான். நீ சரிம்மா என்றாய். அந்தச் சரிம்மாவில் அம்மாவுக்கு நம்பிக்கை வரவில்லை. பொழுதோடதாம்மான்னுதான் அவ மூணு மாசம் சொன்னா, இந்த சரிம்மா எந்த சரிம்மாவோ என்கிறாள். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

இப்போது அம்மா பார்சல் கட்ட உள்ளே போயிருக்கிறாள், அதனால் எழுத வேண்டாம் என்று அவள் சொன்ன ஒன்றை எழுதிவிடுகிறேன். அன்றைக்குக் கோயிலில் அவள் சொன்னது அவ்வளவு மட்டும் இல்லை. டெர்ம் முடியும் பத்தொன்பதாம் தேதி வரை மீதி நாட்களை நான் பிடிக்கிறேன் என்றும் சொன்னாள். திங்களில் இருந்து உன் ஊர்ப் பொழுதுக் கணக்கில் மூன்றரை மணிக்கெல்லாம் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிடுகிறாள், மறுநாள் ஒன்பது மணி வரை பச்சைத் தண்ணீர்கூட இல்லை. ஐந்தரைக்கு எனக்கும் அப்பாவுக்கும் பரிமாறிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறாள். உன்னை வருத்தப்படுத்த இதைச் சொல்லவில்லை அக்கா. நீயும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தால் அம்மா எடுத்துக்கொண்டதற்கு அர்த்தமில்லாமல் போய்விடும். நீ சாப்பிட்டால்தான் அவள் பட்டினி நோன்பாக இருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், நேரில் என்றால் சொல்லியிருக்க மாட்டேன். பத்தாவதில் வகுப்பில் எழுந்து நின்று படிக்க முடியாமல் நான் பள்ளியை விட்டபோது வீட்டில் ஆளுக்கொன்று சொன்னார்கள், நீ மட்டும் உன் பழைய ஃபோனைக் கொடுத்து, பேச வேணாண்டி, நீ கேக்கறத எனக்கு அனுப்பு என்றாய். ஆரி ஊசி துணியில் இறங்கும் சத்தம், ஷேர் ஆட்டோக்காரர் ஐயம்பேட்டை ஐயம்பேட்டை என்று கூப்பிடுவது, மழைக்கு முன்னால் மண்டி ஷட்டர் இறங்குவது, எத்தனை அனுப்பியிருப்பேன். அதையெல்லாம் நீ தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறாய் என்று ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது. அந்தப் பெயருக்கு நன்றி அக்கா. புவனேஸ்வரி அக்கா கடைக்கு வருகிற எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், இரண்டு நாளாக நான் தலையைத் தூக்காமல் வேலை செய்கிறேன், ஆனால் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

அம்மா வந்துவிட்டாள், இனி அவள் சொல்வது. சனிக்கிழமை கிளம்பும் ஐயம்பேட்டை தேவிப்ரியாவிடம் பார்சல் வருகிறது, அவள் வீட்டுக்காரர் உன் ஊரிலேயே வேலை செய்வதால் ஞாயிறு அன்றே கொடுத்துவிடுவாள். பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், எள்ளுருண்டை, இரண்டு ஜோடி சாக்ஸ். புளிக்காய்ச்சலில் ஈரக் கரண்டி போடாதே. தலைக்கு எண்ணெய் வைக்காமல் குளிருக்குக் குல்லா மட்டும் போட்டால் போதாது. தலையணைக்கு அடியில் ஃபோனை வைத்துத் தூங்காதே. சிவப்புத் துணிப்பை மொய்ரா அம்மாவுக்கு. அம்மா அதில் அன்னம் போடச் சொன்னாள், நான் ஆரியில் ஒரு குண்டு பல்பு போட்டுவிட்டேன், புழுவைக் கொன்றெடுக்கும் பட்டு வேண்டாம் என்று பருத்தித் துணியில்தான் செய்தேன். ஊர் பேர் தெரியாத இடத்தில் எங்கள் பிள்ளையின் பசி நேரத்தைக் கவனித்த கைக்கு இங்கே மூன்று பேர் கும்பிடு போட்டோம் என்று அவர்களுக்குப் புரிகிற மாதிரி சொல். எடுத்த படிப்பு உனக்கு நன்றாக வரட்டும், உன் கண்ணும் காதும் கூர்மையாக இருக்கட்டும், பகவான் உன் பக்கத்திலேயே இருப்பார்.

இனி நான் சொல்வது, மறக்காதே. பார்சல் கிடைத்த அன்று உன் ஊர் ஆறரை மணிக்கு, நல்ல இருட்டில், தட்டில் போட்டுச் சாப்பிடு. உன்னிடம் நல்ல மைக் இருக்கிறதே, அதைப் பக்கத்தில் வைத்துப் பதிவு செய்து எனக்கு அனுப்பு. ஃபோட்டோ வேண்டாம், ஃபோட்டோவுக்கு யார் வேண்டுமானாலும் தட்டு வைப்பார்கள். சத்தத்தை அனுப்பு. நீ சாப்பிடுகிறாயா, சும்மா கரண்டியைத் தட்டுகிறாயா என்று எனக்குத் தெரியும். நான் கேட்டுச் சொன்னால் நம்புவதாக அம்மா ஒப்புக்கொண்டிருக்கிறாள்.

இப்படிக்கு,
வயிறு நிறையச் சாப்பிடச் சொல்லும் உன் அம்மா,
குணமாலா

(எழுதியவள் ஸ்ரேயா. அப்பா ஜீவகுமார் கையெழுத்து மட்டும் போடுகிறேன் என்று ஓரத்தில் போட்டிருக்கிறார்.)

கடிதத்தை மடித்து வைத்துவிட்டு அக்கா அனுப்பப் போகும் சத்தத்துக்கு ஃபோனில் இடம் இருக்கிறதா என்று பார்த்தேன், இடம் இல்லை என்று காட்டியது. இரண்டு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த ஆரி டிசைன் படங்களை எல்லாம் ஒவ்வொன்றாக அழித்து இடம் செய்து வைத்தேன்.